கொம்பு கடைசியில்தான்

யூக்கான் ஆற்றின் எங்கள் வளைவில் வேட்டையில் மூஸ் மான் விழுந்தால் லோரெட்டாவைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்நூறு கிலோ மிருகத்தை ஒரு சின்னக் கத்தியோடு அரை நாளில் பிரித்துப் போட்டுவிடுவாள். வயது ஐம்பத்தாறு. பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. அந்தக் கோபத்தில் பாதி அவளுடைய கொழுந்தன் எல்மருக்கென்றே எடுத்து வைத்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் புருஷன் சைலஸ் செத்துப்போனான். நினைவு விருந்துக்கு மூஸ் கொண்டுவரும் பொறுப்பைத் தம்பி எல்மர் ஏற்றுக்கொண்டான். சுட்டான். சுட்டதும் முதல் வேலையாகக் கொம்பை வெட்டிப் படகில் ஏற்றி, ஊரெல்லாம் காட்டிவிட்டு மறுநாள்தான் திரும்பிப் போனான். தோல் உரிக்காமல் கிடந்த இறைச்சி எலும்பு வரை புளித்துவிட்டது. தலையை அண்டங்காக்கைகள் தின்றுவிட்டன. எங்கள் பக்கம் தலைச் சாறு இல்லாத விருந்து விருந்தே இல்லை. சைலஸின் பெயரைச் சொல்லி ஊரே கடைக் கோழி தின்றது.  லோரெட்டா அதை மன்னிக்கவே இல்லை.

இந்தச் செப்டம்பரில் ஒரு காலை, வயர்லெஸ் ரேடியோவில் எல்மரின் குரல் கேட்டது.

"அண்ணி, பெரிசு ஒண்ணு விழுந்துடுச்சு. கொம்பு ஆறடி அகலம்! நகரத்துக் கொம்புப் போட்டியில பரிசு எனக்குத்தான். எனக்கு இடுப்பு வேற புடிச்சிக்கிச்சு. வந்து அறுத்துக் குடுங்களேன்."

"வரேன்" என்றாள். கத்தியோடு கோடாலியையும் எடுத்துக்கொண்டாள்.

படகு நின்ற கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிச் சதுப்பில் மூஸ் கிடந்தது. பின்னங்காலைக் கயிறு போட்டு மரத்தில் கட்டி, வயிற்றைக் கீறி, குடலைச் சரித்தாள். தோலை உரித்து, கால்களை மூட்டில் கழற்றி, ஈ மொய்க்காமல் வில்லோ மரக் கிளைகளின் மேல் பரப்பினாள். பிறகு ஒரு பின்னங்காலைச் சுமைச் சட்டத்தில் கட்டி எல்மரின் முதுகில் ஏற்றினாள்.

"அண்ணி, இடுப்பு..."

"கொம்பைத் தூக்க இடுப்பு இருக்குல்ல? அதே இடுப்புதான். நட."

"கொம்பை முதல்ல கொண்டு வச்சிட்டு வந்துடறேனே?"

"கறி போகாம கொம்பு நகராது. சட்டமே அதானே. போன தடவை மறந்துட்டியோ?"

விழுந்த மூஸின் முன்னால் யாரும் சண்டை போடக்கூடாது. போட்டால் அடுத்த வருஷம் அது நம்மைத் தேடி வராது. குடிகாரன்கூட இதை மீறமாட்டான். எல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். எட்டு நடை. ஒவ்வொரு நடைக்கும் முழங்கால் வரை சேற்றில் புதைந்தான். லோரெட்டா ஈரலையும் இதயத்தையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தாள். அவன் முனகுவது கேட்கக் கேட்க அவளுக்கு டீ இனித்தது.

கடைசி நடை முடிந்து எல்மர் ஆசையோடு கொம்பை நோக்கி வந்தபோது, தலை உரித்து, மூக்கும் நாக்கும் எடுத்து வைத்தாயிற்று. லோரெட்டா கோடாலியோடு நின்றாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"தோல் பதப்படுத்த மூளை வேணும்ல."

"மண்டை பொளந்தா போட்டியில அளக்கவே மாட்டாங்க! பின்பக்கமா ஓட்டை போட்டு எடுங்க, நான் வேணா..."

"உஷ்! அது முன்னாடி சத்தம் போடறியா?"

 கோடாலி நெற்றி நடுவில் இறங்கியது. மூன்றாவது வெட்டில் மண்டை இரண்டாகி, ஆறடிக் கொம்பு பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்தது. மூளையைக் காப்பி டப்பாவில் வழித்துப் போட்டாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு இந்த ஐந்து வருஷத்தில் வந்ததில்லை.

படகில் ஏறியதும் எல்மர் மெதுவாகக் கேட்டான்: "வேணும்னேதான செஞ்சீங்க?"

"ஆமா" என்றாள், சிரித்துக்கொண்டே. "சனிக்கிழமை உங்கண்ணனுக்குத் தலைச் சாறு வைக்கிறேன். மொத கிண்ணம் உனக்குத்தான். எதுக்கு அஞ்சு வருஷம் லேட்டுன்னு எல்லார் முன்னாடியும் நீயே எழுந்து சொல்லிட்டுக் குடிக்கணும்."

எல்மர் கத்துவதற்கு வாயைத் திறந்தான். காலடியில் அந்த மூஸ்தான் இறைச்சியாகக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினான்.