வெலஸ்லி ரோட் வருவதற்குள் ஒரு சொல்

டிராமில் ஏறியதும் ஜெயகௌரி செய்கிற முதல் வேலை, யாரோ படித்துவிட்டு இருக்கையில் போட்டுப் போன இலவசப் பத்திரிகையை எடுப்பது. செய்திகளைப் பார்க்க மாட்டாள். பின்பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும். நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, சுற்றிலும் எட்டு. நடு எழுத்து கட்டாயம் வருகிற மாதிரிச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நீளமாக இருந்தால் நல்லது. ஒன்பது எழுத்தும் சேர்ந்த சொல் ஒன்று எப்படியும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் அவள். யோசிக்கும்போது விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருக்கும்.

மற்ற நாட்களில் அது பொழுதுபோக்கு. குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகும் நாளில் அப்படி இல்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் மாதம் ஒருமுறை அங்கே போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிலரை அனுப்புவதில்லை; பிடித்து வைத்து, ஊருக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள். வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த கிறிஸ்துராஜா போன கோடையில் அப்படித்தான் உள்ளே போனார். வாசலில் நின்ற மனைவியின் கையில் அவருடைய குடை மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் ஜெயகௌரி அந்த விதியை வைத்துக்கொண்டாள். எங்கள் மிச்சம் நிறுத்தத்தில் ஏறி, அலுவலகம் இருக்கும் வெலஸ்லி ரோட்டில் இறங்குவதற்குள் ஒன்பது எழுத்துச் சொல் கிடைத்துவிட்டால், அன்றைக்குத் திரும்பி வந்துவிடலாம்.

"பேப்பரை வைச்சுச் சாத்திரம் பார்க்கிற ஆளை லண்டனிலதான் கண்டன்" என்று அவளுடைய அண்ணி வத்சலா கேலி செய்வாள். "ஈலிங் அம்மனிட்டப் போய்ப் பூ வைச்சுக் கேளுமன்."

"அம்மன் சொன்னாச் சொன்னதுதான், அண்ணி. இதில எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு."

நான் ஜெயகௌரிக்குப் பக்கத்து வீடு. ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவள். என்னை யாரும் கையெழுத்துப் போடக் கூப்பிடுவதில்லை. அவளுடைய அண்ணனுக்கு ஷிப்ட் வேலை, வத்சலாவுக்குக் கைக்குழந்தை. அதனால் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போவேன்.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, நவம்பர். அன்றும் தோள்பையில் மாற்றுடை, பல்துலக்கி, தைராய்டு மாத்திரை எல்லாம் வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் பெட்டிச் சாவியை என் கையில் தந்தாள். அவளுடைய சான்றிதழ்களும் இரண்டு சேலையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. ஏதாவது நடந்தால் நான் அதைத் திறந்து, அவள் போகும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாதமும் தருவாள், ஒவ்வொரு மாதமும் திருப்பி வாங்கிக்கொள்வாள்.

பத்திரிகையை விரித்தாள். நடுவில் யூ.

"உதவி செய்யட்டுமா, கௌரி?"

"சொல்லாதேங்கோ துளசியக்கா. நீங்கள் சொன்னா அது கணக்கில்லை."

சொல்லத்தான் கூடாது, பார்க்கலாமே என்று நானும் எட்டிப் பார்த்தேன். மிச்சம் ஜங்ஷன் தாண்டியது. பெடிங்டன் லேன் நெருங்கும்போது ஒன்பது எழுத்தும் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. டிபார்ச்சர். விமான நிலையத்தில், ஆளை ஏற்றி அனுப்பும் வாசலுக்கு மேலே எழுதியிருக்குமே, அதே சொல். புறப்பாடு.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவள் இதைக் கண்டுபிடித்தால் என்ன ஆவாள்? கண்டுபிடிக்காவிட்டாலும் என்ன ஆவாள்? இரண்டில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

பெடிங்டன் லேனில் கதவு மூடியபோது, தொடைமேல் தட்டிக்கொண்டிருந்த அவளுடைய விரல்கள் நின்றுவிட்டன. சோர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐக்கியா கடையின் இரண்டு புகைபோக்கிகளும் தெரிந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "அபர்ச்சர்னு ஒரு சொல் வருதே. கேமராவில வெளிச்சம் உள்ள போற துவாரம். நல்ல சொல் இல்ல?"

வட்டத்தைப் பார்த்து எண்ணினாள். "எட்டுத்தான் அக்கா. ஒண்டு குறையுது."

"எட்டும் நீளம்தானே?"

"விதி எண்டா விதி" என்று பத்திரிகையை மடித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை. வெஸ்ட் குரோய்டனில் கூட்டம் ஏறியது. அடுத்தது வெலஸ்லி ரோட்.

வாசலில் வரிசை நீண்டிருந்தது. "வாறன் அக்கா" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வரிசை நகர்ந்து அவளை உள்ளே கொண்டுபோயிற்று. அவளுக்குப் பின்னால் நின்ற சோமாலியப் பெண் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற இளைஞனும் வந்தான். கௌரி வரவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. வத்சலாவுக்கு போன் செய்யலாமா, செய்தால் என்ன சொல்வது? கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன்.

பிறகு வேறு கதவு வழியாக வந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம். அடுத்த தேதியைக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும் டிராமில்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. "பாத்தியா? ஒன்பது எழுத்து கிடைக்காமலே எல்லாம் நல்லா முடிஞ்சுது. இனி இந்தக் கூத்தை விடு."

"கிடைச்சது அக்கா."

"எப்போ?"

"பெடிங்டன் லேனில. நீங்கள் ஜன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டிருந்தியள். அங்கால ஒரு குப்பைக் கிடங்குதான் இருக்கு. அதை ஒருத்தரும் அப்பிடிப் பார்க்க மாட்டினம்." சிரித்தாள். "உங்களுக்கும் தெரிஞ்சிட்டுது எண்டு விளங்கினது. நானும் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, வாசலில நீங்கள் மயங்கி விழுந்திருப்பியள். உள்ளுக்குப் போன எனக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட ஏலுமே?"

"நீ எப்படிப் பயப்படாம போன?"

"ஆர் சொன்னது பயப்படேல்லை எண்டு? சொல்லைக் கண்டுபிடிக்கோணும் எண்டுதான் விதி. என்ன சொல் எண்டு விதியில இல்லை. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனன்."

நானும் சிரித்தேன். ரீவ்ஸ் கார்னர் போயிற்று. அவளுடைய விரல்கள் மறுபடி தொடைமேல் தட்டத் தொடங்கின. பத்திரிகை கையில் இல்லை.

"அக்கா, அந்தச் சொல் இண்டைக்கு எண்டு இல்லாமல், அடுத்த மாதத்துக்கு எண்டு இருக்குமோ?"

பேச்சை மாற்றுவதற்காகச் சாவியை நீட்டினேன்.

அவள் என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். "உங்களிட்டயே கிடக்கட்டும்" என்றாள்.