பன்னிரண்டு கணினிகளும் ஒரு சூளுரையும்

பட்டிமன்ற மேடைகளில் நடுவர்களையே வியர்க்க வைத்தவன் என்ற புகழோடு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோயமுத்தூரின் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் சேர்ந்தேன். கணினிப் பிரிவு என்பது நான் ஒருவன்தான். அதன் தலைவனும் நானே, தொண்டனும் நானே.

மூன்று மாடிகளில் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றில் கோப்பு எடுக்க வேண்டுமென்றால் அதன் எண்ணை அடிக்க வேண்டும். புள்ளி வைத்த நீண்ட எண்கள். அவற்றைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் வைத்திருந்தார்கள்.

இந்த அவலத்தைக் கண்டு பொங்கினேன். முதலாளியின் முன்னிலையில் இருபது நிமிடம் முழங்கினேன். கைதிக்குத்தான் எண், கணினிக்குப் பெயர் வேண்டும் என்றேன். பெயரைச் சொன்னால் எண்ணைத் தானே கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டை அமைப்பேன் என்றேன். ஒரு கணினி தவறினாலும் வேலையை விட்டு விலகுவேன் என்று சூளுரைத்தேன். யாரும் கேட்காமலே சூளுரைப்பது பேச்சாளனின் தனிச்சலுகை.

"அதெல்லாம் எதுக்குங்க தம்பி?" என்றார் முதலாளி. "சனிக்கெழமை காட்டுங்க. சரியா இருந்துச்சுன்னா வேலைய நெரந்தரம் பண்ணிப்போடலாம்."

பணி எளிது. பெயர்ப் பட்டியலை என் அறையின் சர்வரில் ஏற்றினேன். நொய்யல், பவானி, ஆழியாறு என்று ஆறுகளின் பெயர்களைச் சூட்டினேன். அந்தச் சர்வரின் எண்ணைப் பன்னிரண்டு கணினிகளிலும் பதிந்துவிட்டால் போதும். அதற்காக மூன்று மாடி ஏறி இறங்குவது என் தகுதிக்குக் குறைவு என்று பட்டது. ஒவ்வொரு கணினிக்காரரையும் இன்டர்காமில் அழைத்து, எங்கே எதைப் பதிய வேண்டுமென்று தெள்ளத் தெளிவாக விளக்கினேன்.

"போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க சார்."

பிறகு சோதனை. "நொய்யல்னு அடிச்சா பதில் வருதுங்களா?"

"வருதுங்க சார், நல்லாவே வருதுங்க."

பன்னிரண்டு குரல்களும் ஆமோதித்தன. எதிரணியே இல்லாத அவையைக் கண்டால் எந்தப் பேச்சாளனும் ஐயப்பட வேண்டும். நானோ பெருமிதப்பட்டேன்.

சனிக்கிழமை முதலாளி என் அறைக்கு வரவில்லை. நேராக இரண்டாம் மாடியில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கிருந்த அம்மையார் கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

"அம்மணி, நம்ம ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரைப் பேர் போட்டுக் கூப்புடுங்க பாக்கலாம்."

அவர் ஸ்டோர்ஸுக்கு நான் சூட்டிய பெயரான நொய்யல் என்று அடித்தார். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரை ஆங்கிலத்தில் கைவிரித்தது. நல்லவேளையாக, கீழே வந்து நின்ற லாரியை முதலாளி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் சீட்டை ஒருமுறை பார்த்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணை அடித்தார். ஸ்டோர்ஸ் கணினியின் பதில் நான்கு வரிகளாக வந்து விழுந்தது.

"வந்துருச்சுங்க ஐயா!"

"பரவால்லீங்களே தம்பி. நெரந்தர வேலைக்கு ஆர்டரை அடிக்கச் சொல்லிப்போடறேன்" என்று முதலாளி படியிறங்கினார்.

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "பேரு போட்டா ஒரு நாளும் வரலீங்க சார். யாருக்குமே வரலீங்க. நாங்க நம்பரைப் போட்டே பொழப்ப ஓட்டிக்கறோம்."

"பின்ன ஏனுங்க வருதுன்னு சொன்னீங்க?"

"அத்தனை ஆசையாக் கேக்கறீங்க. மூஞ்சிலடிச்சாப்ல இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

மரியாதையால் இப்படி ஒருவனைக் கவிழ்க்க இந்த ஊரால் மட்டுமே முடியும். பேசாமல் இருந்திருந்தால் வேலை நிலைத்திருக்கும். ஆனால் பிறர் எழுதிக்கொடுத்த உரையை மேடையில் ஒருபோதும் படித்தவனல்லேன் நான். படிக்கட்டில் ஓடி முதலாளியைப் பிடித்தேன்.

"ஐயா, அந்தம்மா அடிச்சது நம்பருங்க. பேரு இன்னும் வேலை செய்யலீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப வெலகிக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே முடிவும் சொன்னார்.

"அடுத்த சனிக்கெழமை பாக்கலாமுங்க. ஆர்டர் அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கினேன். கொள்முதல் பிரிவுக்காரரின் கணினியில் சர்வர் எண் பதிய வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"போட்டாச்சுன்னு சொன்னீங்களேங்க?"

"அது எங்க இருக்குதுன்னே தெரியலீங்க. நீங்க சும்மா அருவியாட்டம் பேசுனீங்க. குறுக்க பேசப்படாதுன்னு உட்டுட்டனுங்க. உக்காருங்க, காப்பி சொல்றேன்."

உட்கார்ந்தேன். எண்ணை என் கையாலேயே பதிந்தேன். மாற்றம் செல்லுபடியாக, கணினியை அணைத்து மறுபடி இயக்கச் சொன்னது திரை. அது ஆடி அசைந்து எழும்வரை இருவரும் காப்பியை ஆற்றிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தோம். இன்னும் பதினொன்று மீதமிருந்தன.