நான்காம் வீதியில் நின்ற தேர்

பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும்போது, "எழுதுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் குறிப்பு போடுங்க, தமிழ்ல போட்டாலும் சரி" என்பேன். அந்தப் பத்து நிமிடத்தால் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஏழாம் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டிக்காக அம்மா என்னை ராஜபாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய இடத்தில் தாய்மாமா பைக்கோடு நின்றார். அந்த ஊர்த் தேருக்குக் கட்டை போடுபவர் அவர். ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து, நிறுத்தவும் திருப்பவும் வேண்டும். சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். தேரோட்டத்தன்று, தேர் நிலைக்கு வந்து சேரும்வரை அத்தையின் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன்.

தலைப்பு, 'நான் கண்ட திருவிழா'. மற்றவர்கள் உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் எங்கள் டீச்சர் சொன்னபடி குறிப்பு போட்டேன். நான்கு ரத வீதிகள், வீதிக்கு ஒரு பத்தி. வழக்கமாகத் தொண்டையில் சிக்கும் ஆங்கிலம் அன்று என்னமாய் வந்தது! மூன்று வீதிகளும் தேர் தடங்கலில்லாமல் ஓடியது. பரிசு எனக்குத்தான் என்று மிதப்பாக இருந்தேன்.

நான்காவதில் என் குறிப்பே என்னை மறித்தது. "தேர் நிலைக்கு வருகிறது. மாமா அழுகிறார். ஏன்?" அந்த 'ஏன்'-ஐ அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் அழுதேன். "தேரை வடக்கு ரத வீதியிலயே விட்டுட்டு வந்துட்டேன் மாமா."

அவர் சிரித்துவிட்டார். "ஏட்டி, அம்புட்டு தூரம் ஒத்தையில இழுத்துட்டேல்லா!"

பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது கேட்டேன்: "தேரு நிலைக்கு வந்ததும் நீங்க எதுக்கு மாமா அழுறீக?"

அவர் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். "கண்ணுல தூசி விழுந்துரும்ட்டி" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தூசிக்கு ஆங்கிலத்தில் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் பைக்கில் வரும்போதே இதைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் தேரை நிலைக்குக் கொண்டுவந்திருப்பேனே என்று, ராஜபாளையம் வந்து சேரும்வரை மாமா மேல் கோபமாகவே இருந்தேன்.