லெட்சுமியக்கா பார்த்த காம்பராக்கள்

1. இறுகிய கிறீஸ்

செல்வராணி டீச்சர் பொகவந்தலாவையிலிருந்து போன் எடுத்தபோது குரலில் அழுகை முட்டியது.

“அண்ணே, நாளைக்குப் பெற்றார் கூட்டம். எங்க பாடசாலையில இருக்கிறதே ஒரு நுணுக்குக்காட்டி. பார்த்தா பனிமூட்டமாத் தெரியுது. ஒண்ணும் காட்டலேன்னா பயோ படிக்க இருக்கிற அஞ்சு புள்ளைகளும் போயிருங்க.”

ஹட்டனில் கெமரா திருத்திக்கொண்டிருந்தவன் நான். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு நுணுக்குக்காட்டி, அதுதான் மைக்ரோஸ்கோப், திருத்தப் பழகினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டேன்.

குளிரில் கிறீஸ் இறுகி, குமிழைத் திருப்பவே முடியவில்லை. லென்ஸில் பங்கஸ் படர்ந்திருந்தது. பழைய கிறீஸை வழித்தெடுத்தேன். லென்ஸை அழுத்தாமல், நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். அழுத்தினால் கோட்டிங் போய்விடும்.

டீச்சர் வெங்காயத் தோலை ஸ்லைடில் வைத்து, அயடீன் ஒரு துளி விட்டு, செல் என்கிற கலம் தெரிகிறதா என்று பார்த்தார்.

“கலம் தெரியுதுண்ணே. வட்டவட்டமா, கறுப்பு விளிம்போட.”

லென்ஸ் ஒட்டும் வேலையில் அந்த வட்டங்களை நிறையப் பார்த்தவன் நான். “டீச்சர், அது காத்துக் குமிழி.”

படபடப்பில் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குமிழி இல்லாமல் தோலை மறுபடி விரித்து வைத்தார்.

2. அறுந்ததே இல்லை

பின்னேரம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தார் லெட்சுமியக்கா. அந்த ஐந்து பேரில் ஒருத்தியான மகள் கவிதாவும் கூட இருந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். இவளக் கொழும்புல உடுப்புக் கடையில சேக்கப்போறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“சரிங்க. அதுக்கு முன்ன இத ஒருக்காப் பாருங்க.”

கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

“லயத்து வீட்டுக் காம்பரா மாதிரி அறை அறையா, வரிசையா இருக்கே. உள்ளுக்குள்ள ஒவ்வொரு பொட்டு.”

டீச்சர் முகம் மலர்ந்தது. தக்கையைச் சீவி முதன்முதலில் இதைப் பார்த்த ஆங்கிலேயரும் சின்ன அறை என்றுதான் பெயர் வைத்தாராம். வெகுகாலம் கழித்து, செடிகளை ஆராய்ந்த ஒருவரும் விலங்குகளை ஆராய்ந்த ஒருவரும் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டபோது, இருவர் பார்த்ததும் ஒன்றுதான் என்று புரிந்ததாம். ஆனால் புதுக் கலம் எப்படி உண்டாகிறது என்பதில் அவர்கள் பிழைவிட்டார்கள். பிறகு வந்தவர்கள்தான் கலத்திலிருந்தே கலம் வருகிறது என்று நிலைநாட்டினார்கள். டீச்சர் கதைபோலச் சொன்னார்.

“அப்ப கவிதாவோட மொதக் கலம்?”

“உங்ககிட்டருந்தும் அவ அப்பாகிட்டருந்தும் வந்ததுங்க.”

“எனக்கு?”

“உங்க அம்மா அப்பாகிட்டருந்து.”

“நடுவுல எங்கயுமே அறுந்தது இல்லையா?”

“இல்லைங்க.”

லெட்சுமியக்கா மகள் பக்கம் திரும்பினார். “ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எனக்குச் சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையேம்மா.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். லெட்சுமியக்காவும் சிரித்தார். “சரி, படி. ஆனா படிக்கிறத எல்லாம் வந்து எனக்குச் சொல்லணும்.”

ஐந்து பேரும் பயோ வகுப்பில் சேர்ந்தார்கள்.

3. என் கன்னம்

நான் பெட்டியை மூடும்போது டீச்சர் கேட்டார். “நீங்க கலம் பார்த்திருக்கீங்களாண்ணே?”

யோசித்தேன். சோதிப்பதற்கென்று கோடு போட்ட ஒரு ஸ்லைட் வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் அதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

டீச்சர் குச்சி தந்தார். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, நீலச்சாயம் விட்டுப் பார்த்தேன். ஓரம் மடிந்த, மெல்லிய, நீலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு.

“இது நானா டீச்சர்?”

“நீங்கதாண்ணே.”

திருத்தும் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். திருத்தி முடித்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள். அதில் மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்களோ, அதை நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அன்று ஹட்டன் வரும்வரை பஸ்ஸில் நாக்கால் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் பல்வலியா என்று கேட்டார்.