அண்ணன் வால்வைத் திருடவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கு வணக்கம். சென்ற ஆண்டு அண்ணனைக் கிடத்தியிருந்த முற்றத்திலேயே, "பஞ்சாயத்து ரேடியோவுல வால்வை மாத்துன பையன்லா" என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அன்று அழுதுகொண்டிருந்தேன். இன்று, கூடப் பிறந்த தங்கை, அச்சில் பதில் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் பருத்திக்காட்டு ஊரில். பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும், "கரிசக்காட்டை விட்டுட்டுக் கம்பி முறுக்கப் போறியாலே?" என்றார் பெரியப்பா. "காடு மழைக்குக் காத்துக் கெடக்கு. நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியவர் அண்ணன். ரேடியோ வேலை பழகிச் சொந்தக் கடையும் போட்டார். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, இசைத்தட்டுப் பெட்டி, ரேடியோ, எது வந்தாலும் திறந்து, உள்ளே சின்ன பல்பு போல எரியும் வால்வுகளை மருந்து முக்காத தீக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கரகரத்தால் அதுதான் நோயாளி. கோவில்பட்டியில் தீக்குச்சிக்குப் பஞ்சமா!

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவையும் அவர்தான் பழுது பார்த்தார். "ரேடியோவுலருந்து மண்ணுல எறக்கியிருக்க எர்த் கம்பிக்கு நாளும் ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டே வந்தார். ஈரம் இருந்தால்தான் கம்பி மண்ணைப் பிடிக்கும், ரேடியோ தெளியும். அந்தக் கோடையில் கிணறுகளே வற்றிவிட்டன. கம்பிக்கு யார் ஊற்றுவார்? கரிசல் கை நுழையும் அளவு வெடித்தது. ரேடியோ இரைந்தது. தலைவர் அண்ணனை வரவழைத்து, ரேடியோ இருந்த சாவடியில் ஊர் முன்னால் கேட்டார்: "நல்ல வால்வைக் கழத்திக்கிட்டுச் செத்த வால்வைப் போட்டுட்டியோ?"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். திருடன் என்ற பெயர் ஒட்டிவிட்டால் எந்த ஊரும் பெட்டியை நம்பிக் கொடுக்காது. கடையை அத்தோடு மூட வேண்டியதுதான்.

அண்ணன் பெட்டியைத் தொடவே இல்லை. "ஒரு குடம் தண்ணி கொண்டாங்க" என்றார்.

"நமக்கே குடிக்கத் தண்ணி இல்ல, ரேடியோவுக்குத் தாகமாம்லே!" என்றது ஒரு குரல். சாவடியே சிரித்தது. வடக்குத் தெருச் சித்தி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குடத்தோடு வந்தார். "ஊத்துய்யா. இன்னைக்கு ஒலை வைக்காட்டாலும் போகுது."

அண்ணன், ஈரம் தங்கக் கொஞ்சம் உப்பும் கேட்டு வாங்கி வெடிப்பில் தூவி, கம்பியைச் சுற்றி மெல்ல ஊற்றினார். இரைச்சல் அடங்கியது. 'எங்கும் வறண்ட வானிலை' என்று ரேடியோ தெளிவாகச் சொன்னது.

"சரி சரி, விடு தம்பி" என்று தலைவர் துண்டை உதறி எழுந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. வால்வை எடுத்தேன்னு ஊரு கேக்கச் சொன்னிய. எடுக்கலன்னும் ஊரு கேக்கச் சொல்லுங்க."

தலைவர் முனகினார்.

"இன்னும் சத்தமா. ஒங்களுக்காவ ரேடியோவைக் கொறைச்சு வச்சிருக்கேன்."

தலைவர் சொன்னார். ஊர் கேட்டது. முணுமுணுத்த உறவினரே, அன்று சாவடியில் முன்வரிசையில் நீங்களும் இருந்தீர்கள்.

மஞ்சள் காமாலை அண்ணனை இருபத்தொன்பது வயதில் கொண்டுபோனது. கடைசி வாரத்திலும் பக்கத்துக் கட்டில்காரரின் டிரான்சிஸ்டரைத் திறந்து தட்டிப் பார்க்கத் தீக்குச்சி கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குச் சோறு சுமந்த கடைத்தெரு நண்பர்களுக்கு எங்கள் நன்றி. எல்லோருக்கும் மேலாக, அந்தக் குடத்துக்காகச் சித்திக்கு நன்றி.

அண்ணன் செய்த ரேடியோ எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. கம்பிக்கு நாளும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் வரலாம். தீக்குச்சி தருகிறேன், ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

— தங்கை