புரட்டாசி முட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்லுவாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் இடம் மாறாமல் அங்கேயே இருக்கிறது. அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் ஒரு லோரோங்கே, அதாவது எங்கள் சந்தே, சேர்ந்து என் பேத்தியை வாந்தி எடுக்க வைத்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான் மலாக்காவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். பாச்சாங்கில் ஒரு குடியிருப்புத் தாமான், அதில் ஒரு வரிசை வீடு. ஒரே மகள் ஜொகூர் பாருவில், ஜேபி என்போம், வேலை செய்கிறாள். மருமகன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர். இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு பிள்ளைக்குப் போதாது. அதனால் பேத்தி ஒன்றாம் ஆண்டிலிருந்து என்னிடம்தான். இப்போது மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயது. நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். கடைக்கு அனுப்பினால் நான் சில்லறையைத் தேடி எடுப்பதற்குள் கேட்டைத் தாண்டியிருப்பாள்.

"ஒண்டி ஆளா ஒரு பொம்பளப் பிள்ளைய வளர்க்கிறேன், பாத்துக்க" என்று கோப்பிக்கடையில் மார்தட்டுவேன். தலை பின்னி விடுவது மட்டும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, அந்தத் தையல்காரம்மா. காய்ச்சல், சளி என்றால் மூலை வீட்டு மிஸ்ஸி அக்கா. அவர் ரிட்டயர்டு தாதி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பள்ளிக்கு ஏற்றிப் போய் இறக்கி விடுவது எதிர்வீட்டு வேன்கார தம்பி. இதெல்லாம் வளர்ப்பில் சேரும் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் பள்ளி விளையாட்டுப் போட்டி மழையால் தள்ளித் தள்ளிப் போய், புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமையில் வந்து விழுந்தது. பேத்திக்கு நூறு மீட்டர் ஓட்டம், அப்புறம் நாலு பேர் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். அதே வாரம் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, வருஷக் கடைசியில அவள ஜேபிக்குக் கூட்டிட்டு வந்துரலாமான்னு யோசிக்கிறோம்."

"ஏன், இங்க என்ன குறச்சல்?"

"கோவப்படாதீங்க லா. நீங்க ஒண்டி ஆளு. உங்களுக்கே பிரஷர் இருக்கு. அவளும் போட்டோவுல மெலிஞ்சு தெரியுறா. வெள்ளிக்கிழமை வர்றேன். நேர்ல பாத்துட்டு முடிவு பண்றேன்."

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் நான் எதற்குக் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. பேத்தி வாசலில் செருப்பில்லாமல் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். முட்டி கொஞ்சம் துருத்தித்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வேன் தம்பி கேட்டருகே நிறுத்தி, "அங்கிள், பந்தயம் ஓடுற பிள்ளைக்கு முட்டை கிட்டை குடுங்க" என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் மகளிடம் கேட்ட சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. "என் வீட்டுச் சட்டியில புரட்டாசி முடியிற வரைக்கும் முட்டை வேகாது. எனக்கு யாரும் புத்தி சொல்ல வேணாம்" என்று கத்தினேன். பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து கத்தினால் பின்சீட்டுக்குக் கேட்கிற தொண்டை. லோரோங் முழுக்கக் கேட்டது. புரட்டாசி முழுவதும் சைவம் என்பது என் மனைவி வைத்த பழக்கம். அதை அவளுக்காகவே விடாமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். சோதனைக்கு நிறுத்திய பஸ்ஸை ஆபீசர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாரே, அப்படித்தான் பிள்ளையைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், கையைப் பிடித்து மணிக்கட்டைச் சுற்றி விரலால் அளந்தாள். பெருமூச்சு விட்டாள். வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

என் வைராக்கியம் அங்கேதான் ஆட்டம் கண்டது. சட்டியில் வேகாது என்றுதானே சொன்னேன், கடையில் வெந்தால் யார் கேட்கப் போகிறார்கள். சனிக்கிழமை காலையில், தலை பின்னிக்கொண்டு மிஸ்ஸியிடம் ஜெபமும் வாங்கிக்கொண்டு பிள்ளை வந்ததும், "பெட்ரோல் போட்டுட்டு வந்துடுறோம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அவளை என் பழைய காரில், எங்கள் ஊர்க் காடியில், ஏற்றினேன். பாச்சாங்கில் எந்தக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம் இருக்கும். அதனால் தெங்கேரா வரைக்கும் ஓட்டினேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், வேறென்ன.

சீனர் கடை. கொதிநீரில் போட்டு மூடிவைத்த முட்டை இரண்டு, கிண்ணத்தில் உடைத்து, சோயா கிச்சாப்பு ஊற்றி, மிளகுத் தூளும் தூவி வந்தது. "சாப்பிடு. பெரியவங்க ஆசையா குடுத்தா வேணாம்னு சொல்லக்கூடாது" என்றேன். என் வீட்டில் நான் போட்ட சட்டம் அது. "ஆனா அம்மாகிட்டயும் சொல்லாத, நம்ம லோரோங்குல யார்கிட்டயும் சொல்லாத."

பிள்ளை கிண்ணத்தையே பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. ஒவ்வொரு கரண்டியாக, மருந்து குடிக்கிற மாதிரி உள்ளே தள்ளியது. கண் கலங்கியிருந்தது. தாத்தா தனக்காக விரதத்தையே வளைத்துவிட்டார் என்று நெகிழ்ந்து போயிருக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். என் மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல.

ஓடுகிற பிள்ளைகள் எல்லாரும் வேனில் போனார்கள். நானும் மகளும் காடியில் பின்னால் போனோம். திடலில் வந்து பார்த்தால், தையல் தங்கச்சி குடையோடு நிற்கிறாள், மிஸ்ஸி அக்கா மடக்கு நாற்காலி கொண்டு வந்திருக்கிறார், வேனை நிறுத்திவிட்டு தம்பியும் வந்துவிட்டான். யாரையும் நான் கூப்பிடவில்லை. இருந்தாலும் எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. இதோ, மகள் கண்ணால் பார்க்கப் போகிறாள், என் வளர்ப்பு எப்படி ஓடுகிறது என்று.

விசில் ஊதினார்கள். அப்பப்பா, அந்தக் கிளம்பல். முதல் நாலு எட்டிலேயே மற்றப் பிள்ளைகள் பின்னால் போய்விட்டார்கள். நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன், யாரோ ஒரு வாத்தியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மகள் என் கையைக் கிள்ளிக்கொண்டே கத்துகிறாள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருபது மீட்டர்கூட இல்லை. அப்போதுதான் பிள்ளை வாயைப் பொத்தினாள். நேராக ஓடிக்கொண்டிருந்தவள் வலப்பக்கம் திரும்பி, கோட்டை விட்டு, திடல் ஓரக் கால்வாய்க்கு ஓடினாள். அங்கே குனிந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கு ஆகிவிட்டது.

கூடாரத்துக்குத் தூக்கி வந்தோம். மிஸ்ஸி அக்கா நாடி பிடித்துக்கொண்டு, "காலையில என்ன கண்ணு பசியாறின?" என்று கேட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். மிஸ்ஸியைப் பார்த்தாள். தங்கச்சியை, வேன் தம்பியை, கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அப்பா, என்ன குடுத்தீங்க?" என்றாள் மகள். அந்தக் குரலிலேயே ஜேபி பஸ் டிக்கெட் இருந்தது.

"ரெண்டு இட்லி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மகள் கால்வாய்ப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "இட்லி எப்பருந்துப்பா மஞ்சளா வருது?"

அப்போது பிள்ளை அழ ஆரம்பித்தாள். "தாத்தாவ ஏசாதீங்கம்மா. நான்தான் பசிக்குதுன்னு கேட்டேன்."

எனக்காக அவள் பொய் சொன்னதும் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அவ ஒண்ணும் கேக்கல. நான்தான் தெங்கேராவுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு முட்டை வாங்கிக் குடுத்தேன். புரட்டாசியில. நீ மெலிஞ்சிருக்கான்னு சொன்னதால."

மகள் வாயைத் திறக்குமுன் தங்கச்சியின் குடை மெல்லச் சாய்ந்தது. "அண்ணே, கோவப்படாதீங்க. தல பின்னும்போது நான் ஒண்ணு ஊட்டிட்டேன். உங்க வீட்டுல கிடைக்காதேன்னு."

"நான் ஜெபம் பண்ணிட்டு ஒண்ணு குடுத்தேன்" என்றார் மிஸ்ஸி அக்கா, நாடியை விடாமலே. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் பத்தியம் சொன்ன மனுஷி. "வெறும் வயித்துல இருக்குன்னு நெனச்சேன்."

வேன் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "வேன்ல ஏறுனதும் ஒண்ணு, அங்கிள். அவிச்ச முட்டை. வொய்ஃப் குடுத்து விட்டா" என்றான்.

நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். "அஞ்சு" என்றேன். கோபம் வர வேண்டிய இடம். வாயில் வார்த்தையும் ரெடியாக இருந்தது. ஆனால் பிள்ளை தலையை ஆட்டினாள்.

"ஆறு தாத்தா" என்றாள் சன்னமாக. யார் ஆறாவது என்று மட்டும் சொல்லவில்லை.

கூடாரத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகள் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துணியைக் கண்வரைக்கும் ஏற்றினாள். "காலையில எழுப்புனதும்" என்றாள். "உங்க சட்டியில வேகாதுன்னு கத்துனீங்களாமே. அதான், கெட்டில்ல வேக வச்சேன்."

முதலில் சிரித்தது பிள்ளைதான். அப்புறம் அந்தக் கூடாரமே சிரித்தது. எல்லாரும் "தாத்தாகிட்ட சொல்லாத" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அவளும் ஒருவரையும் காட்டிக் கொடுக்காமல், ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்லாமல், விடிந்ததிலிருந்து விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு மணி நேரம் கழித்து நாலு பேர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மகள் வேண்டாம் என்றாள். பிள்ளை, "இப்பதான்மா வயிறு லேசா இருக்கு" என்றாள். கடைசியில் மிஸ்ஸி அக்கா கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, "ஓடட்டும், ஒண்ணும் ஆகாது" என்று விட்டார். கட்டை அவள் கைக்கு வரும்போது எங்கள் குழு நாலாவது. சும்மா சொல்லக் கூடாது, அவள் ஓடினதைப் பார்க்க இரண்டு கண் போதாது. நான் ஒரு பக்கம் குதிக்கிறேன், தங்கச்சி குடையைத் தூக்கி ஆட்டுகிறாள், மிஸ்ஸி அக்கா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். மூன்றாவது ஆளைத் தாண்டினாள், இரண்டாவது ஆளையும் கோட்டுக்கு முன்னால் பிடித்தாள். இரண்டாம் இடம். பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே எனக்கு அப்போது நினைவில்லை.

திரும்பி வரும்போது காடியில் பிள்ளை மெடலோடு தூங்கிவிட்டாள். மகள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "எங்க பிளாட்டுல எதிர் வீட்டுல யாரு இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று விளங்கவில்லை. கேட்கவும் பயம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் முடிவு எதையும் சொல்லவில்லை. நான் கையாட்டிவிட்டு வந்தேன். திங்கள் முழுக்க எதைத் தின்றாலும் ருசியில்லை.

எங்கள் லோரோங்குக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. குப்பை லோரி வரவில்லை, தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் அதில் ஓடும். தங்கச்சி அதில் மகளையும் சேர்த்துவிட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு லிஸ்ட் போட்டாள். இனி பிள்ளைக்கு முட்டை குடுக்கிறவங்க முறை வச்சுத்தான் குடுக்கணும், ஒரு நாளைக்கு ஒரு வீடு. திங்கள் தையல் வீடு, செவ்வாய் மிஸ்ஸி, வியாழன் வேன். டிசம்பர் வரைக்கும் போட்டிருந்தாள். டிசம்பரோடு பிள்ளை ஜேபிக்குப் போய்விடுவாளே என்று அந்த வார்த்தையிலேயே என் கண் நின்றது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒன்று வந்து விழுந்தது. மகள் எழுதியிருந்தாள். "சனிக்கிழமை நான். மாசம் ரெண்டு வாட்டியாவது வந்துடுவேன். டிசம்பரோட நிறுத்தாதீங்க, அடுத்த வருஷத்துக்கும் சேத்துப் போடுங்க."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். பேத்தி பக்கத்தில் வந்து, "என்ன தாத்தா?" என்று கேட்டாள். போனை அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டு வாசலுக்குப் போய் லோரோங்கின் கடைசி வீடு வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள்.

புரட்டாசி முடிய இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. லிஸ்டில் புதன்கிழமை காலியாக இருந்தது. ஒரு விரலால் எழுத்துக் கூட்டி நானும் எழுதினேன். "புதன் தாத்தா. கெட்டில்ல."