பிரான்காச்சோவில் எல்லோருக்கும் விரதம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். சங்க விழா என்றால் மூலையில் இருந்து வடை சுடுபவள். மேடைப் பக்கம் போனதே இல்லை. நான் வேலை செய்கிற சிக்னோரா வீட்டுச் சமையல், பஸ் நெரிசல் என்று இந்தப் பேப்பரில் வாராவாரம் ஏதோ எழுதுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள். நம் சனத்தின் பிழையைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? இல்லைத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சு எரிகிறது. எழுதாவிட்டால் அடங்காது.

எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு கலாசாரப் பயணம் வைத்தது. பெரிய தூரமில்லை — பிரான்காச்சோ. நாங்கள் இருக்கிற இந்த இத்தாலி நகரம் பலெர்மோவின் கிழக்கு ஓரம். பட்டறைகள், கராஜ்கள், அரசாங்க மாடிவீடுகள். "அங்கை என்ன கிடக்கு பார்க்க?" என்று எல்லோரும் கேட்கிற இடம்.

கிடக்கிறது. பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு பழைய ராசமாளிகை. அரபு ராசாக்கள் காலத்திலிருந்தே நிற்கிறதாம். அதன் சுவரோடு ஒட்டி வீடு கட்டி, ஜன்னலில் உடுப்புக் காயப்போட்டு, சனம் சீவிக்கிறது.

யோசனை சிவத்தினுடையது. அங்கே மாபிள் கல் வெட்டும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. பக்கத்திலேயே வீடு. மனைவி பெயர் மலர். இருவரும் சங்கத்துப் பக்கம் அதிகம் வராதவர்கள். "எங்கடை பக்கமும் ஒருக்கா வாங்கோவன். மாளிகையைப் பார்த்திட்டு எங்களிட்டைச் சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று சிவம் வந்து கேட்டார். சங்கத் தலைவர் மாஸ்டருக்குச் சந்தோஷம். மலருக்கு அதைவிடச் சந்தோஷம். இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம்கூட அவள் வீட்டில் கை நனைத்ததில்லை.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் பஸ் ஏறினோம். பஸ் நிறையத் தமிழ். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாளிகையைப் பார்த்தோம்... உண்மையைச் சொன்னால், அதன் முன்னால் நின்று எங்களைப் படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு பட்டறை. முதலாளி சாவியைக் கொடுத்திருந்தார். சிவம் தூசி போகக் கழுவி, மாபிள் பலகைகளையே மேசையாக்கி, வெள்ளைத் துணி விரித்திருந்தார். அதன் மேலே மலரின் சமையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம்.

"சட்டியெல்லாம் புதுசு அக்கா" என்று என் காதுக்குள் சொன்னாள். "மச்சம் மாமிசம் புழங்கின சட்டி எண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது."

குழம்புச் சட்டியின் கைபிடியில் கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.

அப்போதுதான் மாஸ்டரின் மனைவி பவானி அக்கா கேட்டார். சிரித்துக்கொண்டுதான்.

"பிள்ளை, ஊரிலை எவடம்?"

மலர் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அது தெரியும். ஊருக்குள்ளை எவடம்? கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

இந்தக் கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சாதியை வாய் திறந்து கேட்கமாட்டோம். தெருவைக் கேட்டால் போதும். கோயிலுக்கு இந்தப் பக்கம் எந்தச் சாதி, அந்தப் பக்கம் எந்தச் சாதி என்று ஊருக்கே தெரியும். மலருக்கும் தெரியும். ஒரு தரம் சிவத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அங்காலை. குளத்துக்குப் பின்பக்கம்" என்றாள்.

"ஓ... ஓம், ஓம்" என்றார் பவானி அக்கா.

அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவரின் காதுக்குக் குனிந்தார். அவர் அடுத்தவரின் காதுக்கு. கொஞ்ச நேரத்தில் பட்டறை முழுக்க விரதம்!

"எனக்கு இண்டைக்கு விரதம் பிள்ளை."

"எல்லாம் மரக்கறிதான் அக்கா. விரதக்காரரும் சாப்பிடலாம்."

"இல்லைப் பிள்ளை, இது... தண்ணியும் குடியாத விரதம்."

இன்னொருவருக்கு காஸ்ட்ரிக். இன்னொருவருக்கு பஸ்சுக்கு நேரம். ஒருவர் பாயாசத்தைக் கையில் வாங்கினார் — வாங்கி, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பலகை ஓரத்தில் மெல்ல வைத்துவிட்டார்.

மாஸ்டர் என்ன செய்தார்? பேசினார். கடல் கடந்தாலும் நாங்கள் ஒரு தாய்ப் பிள்ளைகளாம். எங்கள் விருந்தோம்பலை இத்தாலிக்காரன் பார்த்துப் படிக்க வேண்டுமாம். மலர் அகப்பையோடு நின்று கேட்டாள். கைதட்டல் வேறு!

நானும் இன்னும் நாலைந்து பேரும் சாப்பிட்டோம். இதில் பெருமை ஒன்றும் இல்லை. பசித்தது, சாப்பாடும் நன்றாக இருந்தது.

புறப்படும்போது, அந்த ஸ்டிக்கர் சட்டிக்குள் சோற்றையும் கறியையும் போட்டு, துணியால் கட்டி என்னிடம் தந்தாள் மலர். "விரதம் முடிய எல்லாருக்கும் குடுங்கோ அக்கா." நம்பிச் சொன்னாளா, நம்பாமல் சொன்னாளா? அவள் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

ஸ்தாசியோனேயில் இறங்கினோம். இறங்கியதும் விரதமும் இறங்கிவிட்டது! தேத்தண்ணியும் பலகாரமும் விற்கிற பாருக்கு முன்னால் எங்கள் சனத்தின் வரிசை. தண்ணீரும் குடிக்காத பவானி அக்காவின் கையில் அரஞ்சீனா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே இறைச்சி வைத்துப் பொரிப்பது.

சட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கட்டை அவிழ்த்தேன்.

"விரதம் முடிஞ்சுது போலை. மலர் குடுக்கச் சொன்னவ. சாப்பிடுங்கோ அக்கா."

"உமக்கென்ன விசரே? றோட்டிலை வைச்சு..."

"அந்த உருண்டையை உருட்டின ஆள் எவடம் அக்கா? கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

என் குரல்தானா அது? மாஸ்டர் கிட்ட வந்தார். "தங்கச்சி, இதுகளைக் கதைச்சால் ஒற்றுமை கெட்டுப்போம். பேப்பர் கீப்பரிலை எழுதிப்போடாதையும்."

எழுதுகிறேன், மாஸ்டர்.

திங்கள் தொடக்கம் சனி வரை நாங்கள் என்ன செய்கிறோம்? சிக்னோராக்களின் கழிப்பறையைக் கழுவுகிறோம். அவர்கள் மிச்சம் வைத்த பாஸ்தாவைச் சூடாக்கிச் சாப்பிடுகிறோம். அதில் ஒரு விரதமும் கெடவில்லை! இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ பேப்பருக்காக குவெஸ்தூரா போலீஸ் கந்தோர் வாசலில் மலரும் பவானி அக்காவும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம். உள்ளேயிருந்த போலீஸ்காரர் எவடம் என்று கேட்கவில்லை. ஊரிலிருந்து உயிரைத் தவிர வேறொன்றும் கொண்டுவரவில்லை என்று அழுகிறோமே — பொய். இதைக் கொண்டுவந்திருக்கிறோம். ஒரு கீறல் விழாமல், பத்திரமாக.

பிரான்காச்சோவுக்குக் கலாசாரம் பார்க்கப் போனோம் என்று யாரும் சொல்லவேண்டாம். கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தோம்.

சட்டியை நான் குடியிருக்கிற போர்கோ வெக்கியோவுக்குத் தூக்கிப் போனேன். எங்கள் படிக்கட்டில் இருக்கிற சிசிலிக்காரர்களின் கதவுகளைத் தட்டினேன். உறைக்குது, உறைக்குது என்று கத்திக் கத்தியே வழித்துச் சாப்பிட்டார்கள். சட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு லீவு. மலரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாரும் சாப்பிட்டார்களா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டர் டெலிபோன் எடுத்தார். அடுத்த விழாவுக்கு நான் வடை சுடத் தேவையில்லையாம்.